கொழுந்தறியும் இயந்திரம்

மலையகத்தின் செல்வம் கொழுந்து. அக்கொழுந்தைக் கிள்ளுவது கை. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் தொட்டுத் தொழிற்சாலைக்குள் இயந்திரங்கள் பெருகிவந்தன. வெளியே மலையிலோ இன்றும் பெரும்பாலும் விரல்களே தொழில் செய்கின்றன. இதன் காரணத்தை ஆராயின், ரோபோக் கலை எமக்கு எட்டாப் பொருளன்று என்பது புலனாகும்.

ரோபோ என்னுஞ் சொல், செக் ஆசிரியர் கரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தின் வழி உலகிற்கு வந்தது. அதன் வேர் கட்டாய உழைப்பைக் குறிப்பது. கூடை சுமந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு அச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை.

இக்கலையில் உருவம் சிறுக்கச் சிறுக்க இயற்கையின் கணக்கும் மாறுகின்றது. நீள அகல உயரங்கள் பத்தில் ஒன்றானால், மேற்பரப்பு நூறில் ஒன்றாகும். எடையோ ஆயிரத்தில் ஒன்றாகும். ஆதலின் பெரும்பொறிக்குப் பாரம் பகை. சிறுபொறிக்கு ஒட்டலும் உராய்வும் பகை. ஒன்றைச் சுருக்கி மற்றொன்றாக்கல் இயலாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் தேனீயை ஒத்த பொறியொன்றை 2013இல் மெல்லிய கம்பியின் துணையுடன் பறக்கவிட்டனர். 2014இல் 1,024 சிறு ரோபோக்களைத் தாமே கூடி உருவமைக்கச் செய்தனர். மூலக்கூற்று இயந்திரங்களை ஆக்கிய மூவர் 2016இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இவற்றால் எமக்கென்ன பயன்? ஜப்பானின் சமநிலத் தோட்டங்களில் ஆள் ஏறியோட்டும் அறுவடைப் பொறி வரிசை வரிசையாக வெட்டிச் செல்கின்றது. எம் சரிவுகளில் அது நில்லாது. நிற்பினும் இரண்டிலையொரு மொட்டையும் முற்றிய இலையையும் பிரித்தறியாது. கையளவுப் பொறிக்குக் கண் வேண்டும். தொழிற்சாலையில் நிறம் பிரிக்கும் இயந்திரம் தண்டையும் நாரையும் கண்டு காற்றால் ஊதித் தள்ளுகின்றது. ஆயின் அங்கு விளக்கொளி நிலையானது. மலையிலோ மூடுபனியும் மழையும் அசையும் கொப்புமுண்டு. அவ்விடத்தேதான் ஆராய்ச்சி வேண்டும். சிறியதன் ஆற்றலையும் இம்மலை அறியும்: 1930களில் ஜாவாவிலிருந்து கொணர்ந்த சிறு குளவியொன்று தேயிலையைச் சுருட்டும் புழுவை அடக்கிற்று.

பொறி வந்தால் பிழைப்புப் போகும் என்பாருமுளர். அவ்வச்சம் வீணன்று. எம்மவரைக் கேளாமலே 1948இல் அவர்தம் குடியுரிமை பறிபோயிற்று; எஞ்சியோர்க்கு அது மீள 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. ஆதலின் பொறியை வேண்டாவென்பதன்று எம் கொள்கை. அதனை ஆக்குவோருள்ளும் ஆளுவோருள்ளும் எம்மவர் இருத்தல் வேண்டும் என்பதே. விரலுக்கு மாற்றுத் தேடுமுன், சரிவிற் கொழுந்து மூட்டையைச் சுமக்கும் பொறியைத் தேடுக. கொழுந்தெடுக்கும் பெண்ணே அதனை இயக்கப் பயிலுக. அவள் கூலி குறையாதிருக்க.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும், பேராதனையில் பொறியியற் பீடமும் உள. இடையில் இல்லாதது, லயத்திலிருந்து அவ்விடங்கட்குச் செல்லும் மாணவர் கூட்டமே. பழைய மாணவர்காள்! இவ்விழாவின் நினைவாகக் கல்லூரியில் ஒரு சிறு பட்டறை அமைப்போம். முற்றத்திற் பத்துத் தேயிலைச் செடிகளும் நடுவோம். எம் மாணவர் செய்யும் பொறி முதலில் அவற்றிடம் பாடங் கற்கட்டும்.