முகத்து மறுவும் மருந்தும்

மதியினும் மறுவற்ற முகமே சிறந்ததென்று புலவர் பாடி நெடுங்காலமாயிற்று. மகளிர் மேனியிற் படர்ந்த சுணங்கினை வேங்கைப் பூவோடு ஒப்பிட்டு அழகெனப் போற்றினாரும் அப்புலவர் மரபினரே. எனினும், முகப்பரு விட்டுச்சென்ற கரும்புள்ளியைப் போற்றிய செய்யுள் ஒன்றையும் யாம் பயின்ற நூல்களுட் கண்டிலேம். ஆகவே, விடுதிக் கண்ணாடியின் முன் நின்று வருந்தும் மாணாக்கரை யாம் எள்ளமாட்டோம். அவருள் யாமும் ஒருவரே.

எம் கருத்து இதுவே: இப்புள்ளிகளைப் போக்க விழைவார், களிம்பைத் தேடுதற்கு முன் புள்ளியின் காரணத்தை அறிதலும் வெயிலைத் தடுத்தலும் வேண்டும். விரைந்து வெளுக்கச் செய்யும் களிம்பே சிறந்த களிம்பென எண்ணுதல் பெரும் பிழை.

அப்பிழையின் பயனை யாம் கண்ணாரக் கண்டோம். எம்முடன் பயிலும் தோழி ஒருத்தி பருவின் வடுவுக்கென மருந்துக் கடையொன்றிற் கேட்க, கடைக்காரர் மருத்துவர் சீட்டு எதுவுமின்றிச் சிறு குழாய்க் களிம்பொன்றை எடுத்துக் கொடுத்தார். பத்து நாளில் முகம் தெளிந்தது. விடுதியிற் பலரும் அக்களிம்பின் பெயரைக் குறித்துக்கொண்டனர். மூன்று திங்கள் கழிந்தபின் கன்னஞ் சிவந்தது, வெயிலிற் சென்றால் எரிந்தது, மென்மயிர் அரும்பிற்று. களிம்பை நிறுத்தியவுடன் முன்னினும் மிகுதியாகப் பருக்கள் எழுந்தன. அவள் வகுப்பிற்கு வாராது அறையிலேயே அடைந்து கிடந்த நாட்கள் பல. இறுதியில் தோல் மருத்துவரிடம் சென்றபோதுதான், அக்குழாயில் ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின் என்பவற்றோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தமை தெரியலாயிற்று.

இக்கலவையை நஞ்சென்று யாம் கூறவில்லை. 1975 இல் அமெரிக்க மருத்துவர் கிளிக்மன், வில்லிஸ் இருவரும் வெளியிட்ட முறையின் வழிவந்தது அது. மங்கு எனப்படும் படர்ந்த கருமைக்குத் தோல் மருத்துவர் இன்றும் சில வார அளவிற்கு அதனை வழங்குவர். அளவும் காலமும் அறிந்தார் கையில் மருந்தாவது அறியார் கையிற் கேடாகின்றது. பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றைச் சீட்டின்றி விற்றலாகாதென 2018 இல் இந்திய அரசு ஆணையிட்டது. ஆணை இருந்தும், கேட்பார்க்கு இல்லையென்னாது கொடுக்கும் கடைகளும் உள.

இனி வெயிலைப் பற்றிச் சிறிது கூறுவோம். பரு அழன்று புண்பட்ட இடத்தில், தோலுக்கு நிறந்தரும் மெலனின் மிகுந்து சுரத்தலாற் புள்ளி தோன்றுகின்றது. பருவைக் கிள்ளுவார்க்கு அது மிகுதி. வெயில் பட்டால் அக்கருமை மேலும் ஆழமாகும். கரிய தோலில் மெலனின் எளிதிற் சுரக்குமாதலின், வெயிற்காப்பு வெண்ணிறத்தார்க்கே வேண்டுவதென்பார் கூற்றுப் பொருந்தாது. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காலையிற் பூசி, வெளியில் நிற்பின் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசுதல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் எம்மனோர் தோலைக் கருக்கச் செய்யும். ஆதலின் இரும்பு ஆக்சைடு கலந்த, சற்றே நிறமுள்ள சன்ஸ்கிரீன் மங்குக்கு இன்னும் நன்று. அதற்குப் பொருளில்லார்க்குக் குடை ஓரளவு துணையாகும். குடை பிடிக்கும் ஆடவரைக் கண்டு நகைக்கும் வழக்கம் எம் கல்லூரியில் உண்டு. நகைப்பார் முகத்தையும் யாம் பார்த்திருக்கின்றோம்.

வெயிலைத் தடுத்தபின் அஸெலாயிக் அமிலம், நியாசினமைடு முதலியன மெல்லப் பயன்தரும். மெல்லவென்பது இரண்டு மூன்று திங்கள். ஆழப் படிந்த கருமைக்கு ஓராண்டினும் மிகலாம். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெளியிற் செல்லுதல் மட்டும் ஆகாது. அச்சாற்றிலுள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுப் புதிய கருமையை விளைக்கும். முதலாண்டில் எம் நெற்றியில் யாம் கற்ற பாடம் இது.

புள்ளியைப் போக்க விரும்புதல் வேறு, நிறத்தையே மாற்ற விரும்புதல் வேறு. ஃபேர் அண்ட் லவ்லி என்ற களிம்பு 2020 இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. மக்கள் விருப்பம் மாறியதாகத் தெரியவில்லை. எம் தோழியும் புள்ளி மறைந்த பின்னர்க் களிம்பை விடாமைக்குக் காரணம், முகம் வெளுத்து வருகின்றதே என்ற மகிழ்ச்சிதான். அதனை அவளே எம்மிடம் கூறினாள்.

இப்பொழுது அவள் முகம் தேறிவருகின்றது. விடுதியில் எவரேனும் புதுக்குழாய் வாங்கிவரின், அதன் பின்புறத்துச் சிற்றெழுத்துக்களை முதலிற் படிப்பவள் அவளே. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்னும் பெயர்களுள் ஒன்றைக் கண்டாளாயின், அக்குழாய் உரியவர் கைக்குத் திரும்புவதில்லை.