பூட்டைத் திறப்பவர் பொறுப்பு

அந்தமானில் வேலை பார்க்கும் தமிழர் ஊருக்குப் போவதென்றால் அது ஒரு வார லீவு விஷயமல்ல. கப்பலில் போக மூன்று நாள், வர மூன்று நாள். கல்யாணம், காதுகுத்து, அறுவடை என்று போனவர் திரும்பி வர ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகிவிடும். அத்தனை நாளும் அவருடைய டிரங்குப் பெட்டிக்கும் சர்டிபிகேட்டுகளுக்கும் காவல், வாடகை அறைக் கதவில் தொங்கும் ஒரு பூட்டுதான். அது ஊரிலிருந்து கொண்டுவந்த திண்டுக்கல் பூட்டாகவே இருக்கலாம். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பூட்டும் திறக்கத் தெரிந்தவர் கைக்கு முன்னால் சிறிது நேரத்துக்குத்தான் பூட்டு.

அந்தக் கை பஜார் ஓரத்தில் அரமும் சாவிக் கொத்துமாக உட்கார்ந்திருக்கும் சாவிக்காரருடையது. பெரும்பாலும் நாணயமானவர், நாள் கூலிக்குப் பாடுபடுகிறவர். ஒருவர் வந்து, “என் அறைதான், சாவி தொலைந்துவிட்டது” என்கிறார். சாவிக்காரர் போய்த் திறந்து கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக் கொள்கிறார். அறை யாருடையது என்று கேட்பதில்லை. கேட்டால் வாடிக்கை போய்விடும் என்ற பயம்.

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கென்று தனி லைசென்ஸ் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லைசென்ஸ் வேண்டும். பூட்டைத் திறக்கச் சொல்பவரின் பெயர், விலாசம், அடையாள விவரம், கையெழுத்து ஆகியவற்றை வாங்கி இரண்டு வருஷம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை என்பதால் சாவிக்காரருக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, வீட்டை உடைத்துப் புகுவது என்பதற்குச் சுவரில் கன்னம் வைப்பதை மட்டும் சொல்லவில்லை. அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதும் அதுவே. கெட்ட நோக்கத்தோடு அடைத்து வைத்த பெட்டியைத் திறப்பதும் தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. தெரிந்தே உதவியவர் உடந்தை ஆகிறார். தெரியாமல் செய்தவர் குற்றவாளி அல்ல, வாஸ்தவம். ஆனால் தெரியாது என்பதைப் போலீஸ் ஸ்டேஷனில் எதைக் காட்டிச் சொல்வார்? தேதி, விலாசம், கையெழுத்து உள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தால் அதுவே அவருக்குச் சாட்சி. அக்கம்பக்கத்தார் இருவர் முன்னிலையில் திறப்பது இன்னும் நல்லது. போலீசாரே சோதனை போடும்போது இரண்டு சாட்சிகளைக் கூப்பிட வேண்டும் என்றிருக்கையில், சாவிக்காரர் கூப்பிட வெட்கப்பட வேண்டியதில்லை. சோப்பில் பதித்த அச்சைக் கொண்டுவந்து சாவி கேட்பவரைத் திருப்பி அனுப்ப எந்தச் சட்டமும் படித்திருக்க வேண்டாம்.

பெரிய இடத்திலும் இந்தக் கவனக்குறைவு உண்டு. கல்கத்தாவில் யுனைடெட் பாங்க் ஆப் இந்தியா, வாடகை பாக்கி என்று ஒரு வாடிக்கையாளரின் லாக்கரை 1994ல் உடைத்தது. உண்மையில் பாக்கி இல்லை. அவருக்கு நோட்டீசும் இல்லை. ஏழு நகைகள் இருந்ததாக அவர் சொன்னார், கிடைத்தவை இரண்டு. 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் தரச் சொன்னது. அதையொட்டி ரிசர்வ் வங்கி விதிகளைத் திருத்தியது: முன்னறிவிப்பு வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், இருந்தவற்றுக்குப் பட்டியல் வேண்டும். பாங்கிக்கே இத்தனை என்றால், பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் அதிகமா?

நம்மவர்களை அதிகம் பாதிப்பது திருடன் அல்ல, சில வீட்டுக்காரர்கள். குடியிருப்பவர் ஊரில் இருக்கும்போது சாவிக்காரரை அழைத்துப் பூட்டை மாற்றி, சாமானை வராந்தாவில் போட்டுவிடுகிறார்கள். வீடு என்னுடையது என்பது இதற்குப் பதிலாகாது. வாடகை பாக்கி இருந்தாலும் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும். அதன்பின் பூட்டைத் திறக்கும் அதிகாரம் கோர்ட் அமீனாவுக்கு. இதைச் சாவிக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆள் குடியிருக்கும் அறை என்று தெரிந்தால், கூப்பிடுபவர் வீட்டுக்காரரே ஆனாலும், குடியிருப்பவரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்காமல் அரத்தை எடுக்கக் கூடாது.

ஸ்ரீவிஜயபுரம் என்று 2024ல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் சாவிக்காரர்களைத் தெரிந்துகொள்வது போலீசுக்குப் பெரிய காரியமல்ல. பெயர்களைப் பதிவு செய்து, அடையாளச் சீட்டும் நோட்டும் கொடுக்கலாம். உபத்திரவம் செய்யாமல் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

ஊருக்குப் புறப்படுகிறவர்கள் வாடகை ரசீதைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, அறையைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற காரணம் அங்கே செல்லாது.