குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது?
கார்ப்பரேஷன் பள்ளிக்கு எஜமானர்கள் எத்தனை பேர்?

சென்னை நகரத்து கார்ப்பரேஷன் பள்ளி ஒன்றில் கக்கூஸ் குழாய் உடைந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம்.

ஒரு தாய் பள்ளிக்கு வருகிறார். "பொம்பளப் புள்ளைங்க சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டு வருதுங்க சார்" என்கிறார். தலைமை ஆசிரியருக்கும் அது தெரியும். ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது?

கட்டிடம் மாநகராட்சியுடையது. ஆகவே மண்டல என்ஜினீயருக்கு எழுத வேண்டும். சின்ன ரிப்பேர் என்றால் பள்ளிக்கு வரும் மானியத்தில் செய்து கொள்ளலாம். ஆனால் அந்த மானியம் டெல்லியும் கோட்டையும் சேர்ந்து போடும் பணம். அதைச் செலவு செய்யப் பெற்றோர் குழு தீர்மானம் போட வேண்டும். குழுவில் வார்டு கவுன்சிலரும் உண்டு.

ஒரு குழாய்க்கு இத்தனை கதவுகள்! எந்தக் கதவைத் தட்டுவது என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. பல சமயம் தலைமை ஆசிரியருக்கே தெரியாது.

யார் கையில் நிர்வாகம்?

சென்னை மாநகராட்சி 1688-ம் ஆண்டு ஏற்பட்டது. பள்ளிக்கூடம் நடத்துவது அதற்குப் பழைய தொழில். கடந்த சில ஆண்டுகளாக அதன் கையில் சுமார் 420 பள்ளிகள் இருந்து வருகின்றன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவ-மாணவிகள் படிக்கிறார்கள்.

2010-ம் ஆண்டு வாக்கில் "சென்னைப் பள்ளி" என்று பெயரை மாற்றினார்கள். வாசலில் "சென்னை நடுநிலைப் பள்ளி", "சென்னை மேல்நிலைப் பள்ளி" என்று போர்டும் மாட்டினார்கள். ஜனங்கள் வாயில் இன்றைக்கும் அது "கார்ப்பரேஷன் ஸ்கூல்"தான்.

மேயர் இருக்கிறார். 200 வார்டு கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். கல்விக்கென்று நிலைக்குழு இருக்கிறது. இவர்கள் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள். ஆனால் கமிஷனரும், கல்விக்குப் பொறுப்பான துணைக் கமிஷனரும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். அவர்களை நியமிப்பது கோட்டை. மாற்றுவதும் கோட்டை.

பாடத்திட்டம் மாநில அரசுடையது. புத்தகம், சீருடை மாநில அரசு தருவது. பரீட்சை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பெஞ்சும் சுவரும் மட்டும் மாநகராட்சிக்கு என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் ரொம்ப மிகை இல்லை.

கிராமத்துப் பக்கம் இந்தக் குழப்பம் குறைவு. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை 1981-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இருந்து அரசு ஊழியர்களாகவே ஆக்கி விட்டார்கள். சென்னையில் பழைய ஏற்பாடு அப்படியே நின்றது.

11 வருடம் நடுத்தெருவில்!

2011-ல் நகர எல்லை விரிந்தது. 174 சதுர கிலோ மீட்டராக இருந்த சென்னை 426 சதுர கிலோ மீட்டர் ஆனது. திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர், ஆலந்தூர் எல்லாம் உள்ளே வந்தன. 10 மண்டலம் 15 ஆனது.

ரோடு வந்தது. குப்பை வந்தது. சொத்து வரி வந்தது. பள்ளிக்கூடம் மட்டும் வரவில்லை!

அந்தப் பகுதிகளில் இருந்த 139 பள்ளிகள் 2022-ல்தான் மாநகராட்சி கைக்கு மாறின. அதுவரை அம்பத்தூர்க்காரர் மாநகராட்சிக்கு வரி கட்டினார். அவர் பிள்ளை படித்ததோ பள்ளிக் கல்வித்துறை பள்ளியில். அந்த 11 வருடத்தில் அந்தப் பள்ளி வாசலில் தண்ணீர் தேங்கினால் "அது எங்க பள்ளி இல்லீங்க" என்று ஒருவரும், "ரோடு எங்களுது இல்லீங்க" என்று இன்னொருவரும் சொல்ல வசதியாக இருந்தது.

இதற்குள் இன்னொரு கூத்து. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அதிகாரி ஆட்சி. 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. மார்ச் மாதம் புது மேயர் வந்தார். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு தாண்டுகிற வரையில் அதன் பள்ளிக்கு ஓட்டு வாங்கியவர் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வரிச் சீட்டைப் பாருங்கள்

பணம் எங்கிருந்து வருகிறது? வாசகர்கள் வீட்டுச் சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பார்க்கலாம். அதில் கல்வி வரி என்று ஒரு பங்கு அடங்கி இருக்கிறது. நூலக வரி தனி.

இந்தக் கல்வி வரி நேற்று வந்தது அல்ல. 1920-ம் ஆண்டு ஆரம்பக் கல்விச் சட்டத்தின் கீழ் வந்தது. வரிப் பணத்தையும் அரசு மானியத்தையும் தனி நிதியாக வைத்து, ஆரம்பக் கல்விக்கே செலவு செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

நிதி என்று ஒன்று இருந்தால் அதற்கு வேலியும் உண்டு. அந்த வேலி ஒரு தடவை பிள்ளைகளின் சாப்பாட்டையே நிறுத்தியது. பழைய கதை, ஆனால் இந்த ஊர்க் கதை.

1920-ம் ஆண்டு. மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி போட மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரிந்தது. இந்தப் பள்ளிகளில் 1922-23-ல் 811 பேர் படித்தார்கள். 1924-25-ல் 1,671 பேர். இரண்டு மடங்குக்கு மேல்!

அப்புறம் என்ன ஆயிற்று? ஆரம்பக் கல்வி நிதியில் இருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்றது வெள்ளைக்கார சர்க்கார். 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பள்ளிக்கு ஆள் சேர்த்த பணம் தவறான தலைப்பில் எழுதப்பட்ட பணமாகப் போய் விட்டது.

காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பர் 15-ந்தேதி மதுரை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் போயிற்று. இந்தச் செலவு மாநில பட்ஜெட்டில் இருந்து வருவது. மாநகராட்சியின் கல்வி வரியை அது தொடவில்லை.

சொத்து வரிக்குத் திரும்புவோம். 2022 ஏப்ரலில் சென்னையில் குடியிருப்புகளுக்கு வரி உயர்ந்தது. வீட்டின் அளவையும் பகுதியையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு. கல்வி வரியும் அதோடு ஏறியதாகத்தான் அர்த்தம். அப்போது தெருவெல்லாம் பேச்சு. ஆனால் "ஏறிய கல்வி வரியில் என் வார்டு பள்ளிக்கு என்ன வந்தது?" என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. எழுந்திருக்க வேண்டும்.

பள்ளிச் செலவில் பெரும் பகுதி சம்பளம்தான். கட்டிடத்துக்கு அவ்வப்போது தனித் திட்டம் வரும். "சிட்டீஸ்" என்ற திட்டத்தில் 28 பள்ளிகளைப் புதுப்பிக்க ரூ.95 கோடியே 25 லட்சம் ஒதுக்கினார்கள். அதில் பெரும் பங்கு பிரெஞ்சு வளர்ச்சி வங்கிப் பணம். 28 பள்ளிகள் பளபளத்தன. நல்லதுதான். ஆனால் மீதிப் பள்ளிகள் நானூறை ஒட்டி இருக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரும் அதே வரியைத்தான் கட்டுகிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார்.

நாளுக்கு ஒண்ணே கால் ரூபாய் கூட இல்லை

தலைமை ஆசிரியர் கையில் நேரே வரும் பணம் சமக்ர சிக்ஷா மானியம். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு.

கணக்கு இப்படி:- 30 பிள்ளைகள் வரை ரூ.10 ஆயிரம். 100 வரை ரூ.25 ஆயிரம். 250 வரை ரூ.50 ஆயிரம். ஆயிரம் வரை ரூ.75 ஆயிரம். அதற்கு மேல் ரூ.1 லட்சம். இது ஒரு வருஷத்துக்கு.

300 பிள்ளைகள் படிக்கும் பள்ளியை எடுத்துக் கொள்ளுங்கள். ரூ.75 ஆயிரம் என்றால் தலைக்கு ரூ.250. வருஷத்தில் 210 நாள் பள்ளி நடந்தால் நாளுக்கு ரூ.1.19. ஒண்ணே கால் ரூபாய்க்குக் கூட ஆறு காசு குறைச்சல். சாக்பீஸ், பதிவேடு, பல்பு, குழாய், பினாயில் எல்லாம் இதற்குள். இதிலும் பத்தில் ஒரு பங்கு சுத்தத்துக்கு என்று ஒதுக்க வேண்டும்.

இந்த 60:40-க்கும் ஒரு நாள் வினை வந்தது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர ஒப்பந்தம் போட வேண்டும், புதிய கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்றது டெல்லி. மும்மொழியை ஏற்க மாட்டோம் என்றது தமிழ்நாடு. 2024-25-ம் ஆண்டுக்கு வர வேண்டிய சுமார் ரூ.2,152 கோடி வரவில்லை. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. இலவசக் கல்விச் சட்டத்துக்கான பங்கை இந்தத் தகராறோடு முடிச்சுப் போடத் தேவை இல்லை என்று 2025 ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு கூறியது.

மும்மொழி பற்றி யாருக்கு என்ன கருத்தும் இருக்கலாம். சைதாப்பேட்டை பள்ளியின் பல்புக்கும் இந்தி வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் இரண்டு பக்கமும் பதில் வைத்திருக்கிறார்கள். பல்பு மட்டும் எரியவில்லை.

மார்க் போடுவது யார்?

பிளஸ்-2 ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரில் ஒரு செய்தி தவறாது. "மாநகராட்சிப் பள்ளிகள் இத்தனை சதவீத தேர்ச்சி." 2024-ல் மாநில சராசரி 94.56. மாநகராட்சிப் பள்ளிகள் 87 சதவீதத்தை ஒட்டி நின்றன. ஏழு புள்ளி இடைவெளி. உடனே "வாத்தியாருங்க சரியில்லை" என்பார்கள்.

அவ்வளவு சுலபமா? 20 பேர் பரீட்சை எழுதும் பள்ளியில் ஒரு பையன் பெயில் ஆனால் 5 சதவீதம் குறையும். அந்தப் பையன் யார்? விடியற்காலையில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி விட்டு வந்தவனாக இருக்கலாம். கூவம் கரையில் இருந்து வருஷ நடுவில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிமாற்றப்பட்ட வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். தனியார் பள்ளி "வேறு இடம் பாருங்க" என்று ஒன்பதாம் வகுப்பில் அனுப்பி வைத்த பிள்ளையும் கடைசியில் இங்கேதான் வருகிறது. கார்ப்பரேஷன் பள்ளி வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

இதைச் சொல்லிக் கொண்டே குறையை மூடி விடவும் கூடாது. ஏழு புள்ளி என்பது நூற்றுக்கு ஏழு பிள்ளைகள். வாத்தியார் இல்லாத பாடத்தில் பெயில் ஆனவர்கள் எத்தனை பேர், வராமல் நின்று பெயில் ஆனவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால்தான் வைத்தியம் தெரியும். மொத்த சதவீதம் அதைச் சொல்லாது.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் "ஏசர்" அறிக்கை இருக்கிறதே என்று கேட்கலாம். அது கிராமத்துக் கணக்கு. சென்னை நகரம் அதில் வராது! மத்திய அரசின் "பரக்" சர்வே 2024 டிசம்பரில் 3, 6, 9-ம் வகுப்புகளுக்கு நடந்தது. மாநில அரசு 2025 பிப்ரவரியில் 3, 5, 8-ம் வகுப்புகளுக்குத் தனி சர்வே நடத்தியது. "பரக்" சில பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துச் சோதிப்பது. "என் பிள்ளை மூணாங் கிளாஸ், தமிழ் பாடத்தைக் கூட்டாம படிக்குதா?" என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

பெற்றோர் குழு தூங்குகிறதா?

சட்டப்படி எஜமானர் இன்னொருவரும் உண்டு. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. முக்கால்வாசி பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-ல் பழைய மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவி ஒரு தாய்.

வெறும் கையெழுத்துக் குழு அல்ல இது. பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும், மானியச் செலவைப் பார்ப்பதும் இதன் வேலை. ஆனால் கூட்டம் நடப்பது வேலை நேரத்தில் என்றால் வீட்டு வேலைக்குப் போகும் தாய் எப்படி வருவார்? ஒரு நாள் கூலி போகும். அந்த ஒரு காரணத்தாலேயே பல இடங்களில் நோட்டு வீட்டுக்கு வருகிறது, கையெழுத்து போகிறது. மாலையில், அல்லது சனிக்கிழமையில் கூட்டத்தை வைத்தால் என்ன கெட்டுப் போகும்?

கவுன்சிலரும் அந்தக் குழுவில் இருக்கிறார். என்ஜினீயரை அழைக்க அவருக்கு ஒரு போன் போதும். கல்வி நிலைக்குழுவில் கேள்வி கேட்கவும் அவரால் முடியும்.

குழாய் உடைந்த பள்ளியின் தாய்க்கு இது தெரிந்தால் அவர் தலைமை ஆசிரியரிடம் மட்டும் போய் நிற்க மாட்டார். குழு நோட்டைக் கேட்பார். இந்த வருஷ மானியம் வந்ததா, எந்தத் தேதியில் வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று பார்ப்பார். பள்ளிக்கு யுடைஸ் எண் என்று 11 இலக்கத்தில் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் எத்தனை வாத்தியார், எத்தனை கக்கூஸ், அதில் எத்தனை உபயோகத்தில் இருக்கின்றன என்று அரசாங்கக் கணக்கே செல்போனில் வரும்.

அதில் "உபயோகத்தில் உள்ளது" என்று போட்டிருந்தால், உடைந்த குழாயோடு அந்தக் கணக்கையும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகலாம்.