திருத்தணியின் வரைபடத்தைத் திருத்தணியே வரையட்டும்

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானபோது, திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. முன்நின்று நடத்திய எல்லைப் போராட்டமும் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் வகுத்த தீர்வும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று அதைத் தமிழகப் பக்கம் கொண்டுவந்தன. படாஸ்கர் முறையின் அடிப்படை எளிமையானது. கிராமம்தான் அலகு. அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்க்க வேண்டும். நிலத் தொடர்ச்சி அறுபடாமல் கோடு போட வேண்டும். இப்படிக் கணக்கெடுப்பு அட்டவணையைக் கிராம வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்து முடிவெடுக்கும் வேலைக்குத்தான் இன்று புவியியல் தகவல் முறைமை, அதாவது ஜி.ஐ.எஸ். என்று பெயர்.

அன்று அந்த வேலை அதிகாரிகளின் மேசையில் நடந்தது. இன்று திருத்தணி அரசு கலைக் கல்லூரி மாணவி ஒருவர் தன் மடிக்கணினியிலேயே அதைச் செய்துவிடலாம். அதற்கான க்யூஜிஐஎஸ் மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் யாரும் கணக்குத் தொடங்கித் தன் தெருவைச் சேர்க்கலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்திய பிறகு, வரைபடம் தயாரித்து வெளியிட இந்தியர்கள் முன் அனுமதி வாங்கவும் தேவையில்லை.

கற்பதற்கு வேண்டியது பொறுமையும் கவனமும். திருத்தணி ஏறத்தாழ 13.17 பாகை வடக்கு அட்சரேகையிலும் 79.61 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம். இணைய வரைபடங்களுக்கு அதிகம் பயன்படும் ஜியோஜேசான் கோப்பிலோ தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் முருகன் மலை ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, நார்வேயின் சுவால்பார்டு பனித்தீவில் போய் உட்கார்ந்துவிடும்! புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. ஒருமுறை சறுக்கியவர்கள் பிறகு மறக்க மாட்டார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சென்னையே சாட்சி. 2015 வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து ஓர் இணைய வரைபடம் உருவாக்கினார்கள். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் போதும், அது வெள்ளம் சூழ்ந்த தெருவாகப் பதிவாகும். 2,000-க்கும் மேற்பட்ட தெருக்களை மக்களே இப்படிக் குறித்தார்கள். எந்தத் தெருவில் முழங்காலளவு தண்ணீர் என்பது அந்தத் தெருக்காரருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

உள்ளூர்க்காரரின் அறிவு தேவைப்படும் அப்படியொரு நாள் திருத்தணிக்கும் ஆண்டுதோறும் வருகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டம் படிகளிலும் மலைப்பாதையிலும் சரவணப் பொய்கையைச் சுற்றியும் நிரம்பி வழியும். குடிநீர்க் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, முதலுதவி எங்கே, முதியவர்கள் படியேறாமல் மேலே போவது எப்படி என்று பக்தர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் வரைபடம் கோயிலைக் காட்டும், தங்கும் விடுதியையும் காட்டும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயை உள்ளூர்க்காரர்தான் காட்ட வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே புள்ளிக்குத் தமிழிலும் தெலுங்கிலும் பெயர் கொடுக்கலாம் என்பது இந்த எல்லை ஊருக்குப் பெரிய வசதி. சித்தூர்ப் பக்கமிருந்து வரும் பக்தருக்கு அவர் மொழியிலேயே வழி தெரியும்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. நிலத்தின் எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தக) வரைபடத்தை இணையத்தில் எடுக்க முடிவது நல்ல மாற்றம்தான். ஆனால் கைக்கு வருவது பிடிஎஃப். அதை அச்செடுக்கலாம், இன்னொரு வரைபடத்தின் மேல் அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஏரி எல்லை, ஓடைப் புறம்போக்கு, வார்டு எல்லை ஆகிய மூன்றையாவது ஜி.ஐ.எஸ். கோப்பாகவே பொதுமக்களுக்குத் தர வேண்டும். ஏரிக்குள் வீட்டுமனை போட்டு விற்கிறார்களா என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்குகிறவர் பார்த்துக்கொள்ள அது உதவும்.

வரும் ஆடிக் கிருத்திகைக்கு முன், நகராட்சியும் கோயில் நிர்வாகமும் கல்லூரியும் சேர்ந்து மாணவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்தலாம். கையில் இருக்கும் செல்போனே அதற்குப் போதுமான கருவி. முதல் வேலையாகக் குடிநீர்க் குழாய்களைக் குறிக்கச் சொல்லுங்கள்.