வந்தவர் யார்? இருந்தவர் யார்?

எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி, கொல்லிமலையின் அடிவாரம். பலாவும் அன்னாசியும் கொண்டு இறங்கும் மலைமக்கள் தாகம் என்று நின்றால் எங்கள் வீட்டில் தண்ணீர் உண்டு. ஆனால் அதற்கென்று தனிச் சொம்பு. "அவங்க வேற சனம், நாம வேற சனம்" என்பார் என் அப்பாயி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மரபியல் பாடம் கேட்ட நாள்முதல் அந்தச் சொம்பு என் கண்முன் நிற்கிறது.

நாம் உண்மையிலேயே வேறு சனமா?

ஐதராபாத் மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் 2009-இல் 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். இந்தியக் குழுக்களில் மிகப் பெரும்பாலானவை இரு பழைய மூதாதை மரபுகளின் கலப்பே என்று கண்டனர். அளவுதான் குழுவுக்குக் குழு மாறும். 2013-இல் 73 குழுக்களை ஆராய்ந்து, அக்கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்றனர். பணியர் போன்ற பழங்குடியினரும் அதற்கு விலக்கல்லர். அதன் பின்னரே, அவரவர் வட்டத்துக்குள் மட்டும் மணம் என்ற வேலி இறுகியது. வல்வில் ஓரியின் பழமையைக் கொண்டாடும் நாம், அதைவிடப் பழமையான உறவை மறக்கலாமா?

2019-இல் அரியானாவின் ராகிகடியில் கிடைத்த சிந்துவெளிப் பெண் ஒருத்தியின் மரபணு ஆய்வு வெளிவந்தது. மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் சாயல் அதில் இல்லை. "யாரும் வெளியிலிருந்து வரவில்லை" என்றனர் ஒரு சாரார். "ஆரியர் பின்னரே வந்தனர்" என்றனர் மறு சாரார். அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, அச்சாயல் கி.மு. 2000-க்குப் பின்னரே இங்கே கலந்தது என்கிறது. ஆகவே வந்ததும் உண்மை, கலந்ததும் உண்மை. முதல் உண்மையை மட்டும் பேசினால் சண்டை வளரும். இரண்டையும் சேர்த்துப் பேசுவதே அறிவியல்.

மலைமக்களோ தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகவே வழிவழியாகச் சொல்கின்றனர். வந்தவர் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை. நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

சென்ற விடுமுறையில், வாசலில் நின்ற மலைக்காரப் பெரியவருக்கு எங்கள் சொம்பிலேயே தண்ணீர் கொடுத்தேன். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. சொம்பை மட்டும் இருமுறை கழுவினார். ஒருமுறையும் கழுவாத நாள் வர வேண்டும். நண்பர்களே, நாம் பெறும் பட்டம் அதற்காவது பயன்படட்டும்!

— இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, விலங்கியல்