சுஷித் தட்டில் எந்த மீன்?

கடந்த ஆண்டு ரொறன்ரோவில் எனது சகோதரியின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் எம்மைச் சுஷி உணவகமொன்றுக்கு அழைத்துச் சென்றாள். ஒரு தொகையைச் செலுத்திவிட்டால் வயிறு கொள்ளுமட்டும் உண்ணலாம் என்ற வகையைச் சேர்ந்தது அது. மேசைகளில் எம்மவரும் பலர் இருந்தனர். பச்சை மீன் என்றால் முகத்தைச் சுளித்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று குச்சிகளை லாவகமாகப் பிடித்து உண்பதைப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

பட்டியலில் 'வெள்ளைச் சூரை' என்று ஒன்று இருந்தது. அது என்ன மீன் என்று பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். அவள் உள்ளே சென்று விசாரித்து வந்து, அது வெள்ளைச் சூரைதான் என்றாள். எந்தக் கடலில் பிடித்தது, எவ்வாறு பிடித்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்டதும் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

"மாமா, நீங்கள் பேட்டி எடுக்க வந்தனீங்களோ, சாப்பிட வந்தனீங்களோ?" என்றாள் மருமகள்.

தொழிற்பழக்கம் என்று அவள் நினைத்திருக்கக்கூடும். ஆனால் வடமராட்சியில் என் தாயார் மீன் வாங்கிய நாள்களில் இவ்விரு கேள்விகளையும் கேளாமல் ஒருபோதும் வாங்கியதில்லை. எந்தக் கரை மீன், வலையா தூண்டிலா என்பதை விசாரித்த பின்னரே விலை பேசுவார். அன்று அது சுவையையும் புதுமையையும் அறிவதற்கான விசாரணை. இன்று அதே கேள்விகள் கடலின் எதிர்காலத்தோடு தொடர்புபட்டுவிட்டன. காசு கொடுத்து மீன் உண்பவர் அவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல என்பதே எனது கட்சி.

'வெள்ளைச் சூரை' விடயத்தையே எடுத்துக்கொள்வோம். ஓஷியானா என்ற கடல்சார் அமைப்பு அமெரிக்காவில் நடத்திய மரபணுப் பரிசோதனையின் முடிவுகளை 2013இல் வெளியிட்டது. அப்பெயரில் விற்கப்பட்ட மாதிரிகளில் 84 விழுக்காடு உண்மையில் எஸ்கொலார் என்ற வேறொரு மீன். அதிலுள்ள மெழுகு போன்ற எண்ணெய் பலருக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். சுஷியின் தாயகமான ஜப்பானிலேயே அதன் விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது. பெயரே பொய்யாயிருக்கும் மீனைப் பற்றி, அது அழிந்துவருகிறதா பெருகிவருகிறதா என்று எவ்வாறு அறிவது?

இன்று நாம் காணும் வடிவிலான சுஷி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருவோர உணவாகப் பிறந்தது. 'எடோமாய்' என்ற பெயருக்கு எடோவின் முன்னால் உள்ளது என்று பொருள். நகரின் முன்னால் விரிந்த குடாவில் பிடிபட்ட சிறு மீன்களும் சிப்பிகளுமே அதற்குப் பயன்பட்டன. கொழுப்பு மிகுந்த சூரையின் வயிற்றுப்பகுதியை அக்காலத்தவர் மதிக்கவில்லை. பூனைகூடத் தாண்டிப் போகும் என்று எள்ளி நகையாடினார்கள்.

அந்த வயிற்றுப்பகுதிக்கு மவுசு வந்ததில் குளிரூட்டிக்கும் விமானத்துக்கும் பெரும் பங்குண்டு. ஜப்பானிய இலத்திரனியல் பொருள்களை வட அமெரிக்காவில் இறக்கிய சரக்கு விமானங்கள் திரும்பும்போது வெறுமையாகப் போகாதிருக்க வழிதேடியவர்கள், 1972இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து நீலச் செட்டைச் சூரையை டோக்கியோவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அதுவரை அங்கே விளையாட்டுக்காகப் பிடித்து, படமெடுத்துவிட்டு, புதைத்த மீன் அது. 2019 ஜனவரியில் டோக்கியோவின் டொயொசு சந்தையில் 278 கிலோ எடையுள்ள ஒரேயொரு நீலச் செட்டைச் சூரை 333.6 மில்லியன் யென்னுக்கு ஏலம் போனது. இத்தகைய விலை கிடைக்கும் ஒரு மீனைக் கடலில் விட்டுவைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆனாலும் கேட்கவைக்க முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010இல் கட்டாரின் டோஹாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் தொடர்பான சர்வதேச மாநாட்டில் அட்லாண்டிக் நீலச் செட்டைச் சூரையின் பன்னாட்டு வர்த்தகத்தைத் தடைசெய்யக் கோரும் பிரேரணையை மொனாக்கோ கொண்டுவந்தது. ஆதரவாக 20 வாக்குகள், எதிராக 68. பிரேரணை தோற்றது. ஆயினும் அந்த அவமானத்தின் நிழலில் பிடிப்பு அளவுகள் இறுக்கப்பட்டன. கண்காணிப்பும் கூடியது. 2021இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அட்லாண்டிக் இனத்தை ஆபத்துப் பட்டியலிலிருந்து இறக்கியது. ஒரு காலத்தில் தொடக்கநிலை இருப்பின் 3 விழுக்காட்டுக்கும் கீழே வீழ்ந்த பசுபிக் இனமும் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேறிவருகிறது. தென்கடல் இனம் மாத்திரம் இன்னமும் அருகிவரும் நிலையிலேயே உள்ளது.

மறுபுறத்தில், நல்ல மீன் என்று நாம் நம்பியிருந்தது கெட்டுப்போன கதையும் உண்டு. 'சபா' எனப்படும் கானாங்கெளுத்தி ஏழைகளின் சுஷி. ஜப்பான் அதை நோர்வேயிலிருந்தும் பெறுகிறது. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் தமக்குள் பங்குபிரிப்பதில் உடன்பாட்டுக்கு வராமல் ஆளுக்காள் அள்ளியதால், 2019இல் அம்மீன்பிடி தன் சூழல்நேயச் சான்றிதழை இழந்தது. 2025இல் கடலாய்வுக்கான சர்வதேசப் பேரவை, 2026ஆம் ஆண்டுக்கான பிடிப்பை 70 விழுக்காடு குறைக்குமாறு ஆலோசனை கூறியது. ஆகவே பத்து வருடங்களுக்கு முன் மனனம் செய்த பட்டியலை வைத்துக்கொண்டு இன்று உணவகத்துக்குச் செல்வதில் பயனில்லை.

விலாங்கு விடயத்தில் மட்டும் எனக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. சுட்டு, இனிப்பான குழம்பு பூசிப் பரிமாறப்படும் 'உனாகி' சுவையானதுதான். பண்ணையில் வளர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். அதுவும் உண்மையே. ஆனால் பண்ணையில் வளரும் விலாங்கு பண்ணையில் பிறப்பதில்லை. ஜப்பானிய விலாங்கு மரியானாத் தீவுகளுக்கு மேற்கேயும், ஐரோப்பிய, அமெரிக்க விலாங்குகள் சார்காசோக் கடலிலும் முட்டையிடுகின்றன. அங்கிருந்து நீரோட்டத்தோடு மிதந்து ஆற்று முகத்துவாரங்களை நாடிவரும் கண்ணாடி போன்ற குஞ்சுகளை அள்ளித்தான் பண்ணைகளை நிரப்புகிறார்கள். ஆய்வுகூடத்தில் முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியுள்ளார்கள் என்றாலும் சந்தையின் தேவையை நிரப்புவது காட்டுக் குஞ்சே. ஜப்பானிய, அமெரிக்க இனங்கள் அருகிவருபவை என 2014இல் வகைப்படுத்தப்பட்டன. ஐரோப்பிய இனத்தின் நிலை அதைவிட மோசம். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் அதன் ஏற்றுமதியைத் தடுத்திருக்கிறது. கடத்தல் ஓயவில்லை.

கனடாவில் வாழும் வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. நோவா ஸ்கோஷியா ஆறுகளில் பிடிக்கப்படும் விலாங்குக் குஞ்சுகள் ஆசியப் பண்ணைகளுக்கு விமானமேறுகின்றன. ஒரு கிலோவின் விலை ஐயாயிரம் டொலரை எட்டியபோது இரவில் ஆற்றங்கரைகளில் கள்ளப்பிடிப்பும் அடிதடியும் மூண்டன. 2020இலும் 2023இலும் மீன்பிடியை இடையில் நிறுத்திய அரசு, 2024இல் அதைத் திறக்கவேயில்லை.

இறாலைப் பற்றி எழுதும்போது என்னால் நடுநிலை பேண முடிவதில்லை. புத்தளம் களப்பை அண்டிய கண்டல் காடுகள் 1980களிலும் 1990களிலும் இறால் பண்ணைகளுக்காக வெட்டப்பட்டன. அவ்விறாலை வாங்கிய முக்கிய நாடுகளில் ஜப்பானும் ஒன்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. பிற்காலத்தில் அவ்வழியே சென்றபோது உப்புப் பூத்துக் கிடந்த வெற்றுக் குட்டைகளைக் கண்டேன். குட்டை வெட்டியவர்கள் போய்விட்டார்கள். களப்பில் வலை வீசிப் பிழைத்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

மீனைப் பிடித்த விதத்தைக் கேட்பதில் என்ன பயன் என்று வினவுவோருக்கு எமது நாட்டின் அனுபவமே பதில். இலங்கையின் பலநாள் கலங்கள் பிடிக்கும் மஞ்சள் செட்டைச் சூரையில் முதற்தரமானது பச்சையாக உண்பதற்கென்றே விமானத்தில் ஏற்றப்படுகிறது. சட்டவிரோத மீன்பிடியை இலங்கை கட்டுப்படுத்தவில்லை என்று கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் இலங்கை மீனைத் தடைசெய்தது. அம்மாதங்களில் நீர்கொழும்பில் நான் சந்தித்த படகோட்டியொருவர் வெள்ளைக்காரனைத் திட்டித் தீர்த்தார். பின்னர், தமது கலம் எங்கே நிற்கிறது என்பது கரையிலிருப்போருக்குத் தெரியும் கருவியைத் தடை வந்த பிறகே பொருத்தினார்கள் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். 2016இல் தடை நீங்கியது. வாங்குபவன் கேள்வி கேட்டான், விற்பவன் மாறினான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சான்றிதழ் பெறுவதற்குப் பணம் வேண்டும். இந்து சமுத்திரத்தில் மிதவைகளை விட்டுச் சூரைக் கூட்டத்தை ஈர்த்து, குஞ்சும் குருமானுமாகச் சுருக்குவலையில் வளைக்கும் பெருங்கப்பல்களுக்கு அப்பணம் பொருட்டல்ல. சிறு படகில் தூண்டில் போடுபவனுக்கு அது எட்டாது. நீல முத்திரை இல்லை என்பதற்காக ஏழையின் மீனைத் தள்ளிவைப்பது நியாயமாகாது. மாலைதீவினர் ஒருவாறு இதைக் கடந்தார்கள். கம்பும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கும் அவர்களது வரிச்சூரைக்கு 2012இல் சான்றிதழ் கிடைத்தது. எமது சம்பலுக்கு வாசமூட்டும் மாசிக்கருவாடும் ஜப்பானியரின் குழம்புக்கு அடிப்படையான 'கட்சுவோபுஷி'யும் அந்த மீனிலிருந்தே ஆகின்றன என்பதை மருமகளிடம் சொன்னபோதுதான் அவள் முதன்முறையாக என் பேச்சில் அக்கறை காட்டினாள்.

அன்று வரிச்சூரை அந்தக் கடையில் இருக்கவில்லை. சிப்பி வகைகள் இருந்தன. கயிறுகளில் வளர்க்கப்படும் மட்டிக்கும் சிப்பிக்கும் தீனி போட வேண்டியதில்லை. கடல்நீரை வடித்தே அவை உண்கின்றன. நான் அவற்றையும் வெள்ளரிக்காய்ச் சுருளையும் உண்டேன். மருமகள் இரண்டு துண்டு விலாங்கு எடுத்தாள். உண்ணும் இடத்தில் வாதாட மனமில்லாமல் பேசாதிருந்துவிட்டேன். இக்கட்டுரையை அவளுக்கு அனுப்பிவைக்க எண்ணியுள்ளேன்.