கடைசி நாளில் ஒரு புளியமரம்

விடுமுறையின் கடைசி நாளுக்கு ஒரு குணம் உண்டு. அதுவரை ஒற்றுமையாக ஊர் சுற்றிய குடும்பம் அன்று நான்கு கட்சிகளாகப் பிரிந்துவிடும். ஹைதராபாத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மாலையில் சென்னை ரயில். பெட்டிகளைக் காலையிலேயே கட்டியாயிற்று. பிள்ளைகளுக்கு கோல்கொண்டா போக வேண்டும். ஃபதே தர்வாஸா வாசலில் கை தட்டினால் உச்சியில் பாலா ஹிஸார் வரை கேட்குமாம், சோதித்தே தீர வேண்டும். அம்மாவுக்கு லாட் பஜார் வளையல். அப்பாவுக்கு பிரியாணி. முழங்கால் வலியோடு வந்திருக்கும் பாட்டிக்கு எங்காவது உட்கார ஓர் இடம்.

இந்த வழக்கில் பெரும்பாலும் சமரசத் தீர்ப்பாக அமைவது சாலார் ஜங் அருங்காட்சியகம். (வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை வாசலில் போய்த் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் தனிக் கட்சி.) 1951இல் நேரு திறந்துவைத்த இதில், முகத்திரைக்குள் முகம் தெரியும் ரெபெக்காவின் பளிங்குச் சிலை இருக்கிறது. இத்தாலியச் சிற்பி பென்ஸோனி செதுக்கியது. ஆனால் கூட்டம் மொய்ப்பது கடிகாரத்தின் முன்னால். மணிக்கொரு முறை ஒரு குட்டி மனிதன் வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போகிறான். பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் அதிகம். பன்னிரண்டு முறை அடிப்பான் அல்லவா! பாட்டிக்கும் உட்கார இடம் கிடைத்துவிடுகிறது.

அங்கிருந்து நேராக சார்மினாருக்கு ஆட்டோ பிடிப்பதுதான் வழக்கம். எதிர்த் திசையில், மூசி ஆற்றைக் கடந்து அஃப்ஸல் கஞ்ச் பக்கம் போகச் சொல்பவர்கள் யாரும் இல்லை. காலையில் அதே பாலத்தைக் கடந்தபோது பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டது நினைவிருக்கும். சாக்கடையாகிவிட்ட இந்த ஆறு ஒரு காலத்தில் நகரத்தையே விழுங்கியது என்றால் நம்ப மாட்டார்கள்.

1908 செப்டம்பர் 28. பெருமழையில் மேற்பகுதி ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. மூசி கரை புரண்டது. சுமார் 15,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. ருபாயத்துகளுக்குப் புகழ்பெற்ற உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி, அந்த வெள்ளத்தில் தாயையும் மனைவியையும் மகளையும் ஒருசேர இழந்தார். அவர் மட்டும் பிழைத்தார். ஒரே நாளில் ஒரு குடும்பம் இல்லாமல் போயிற்று.

ஆற்றங்கரையில் நின்ற ஒரு புளியமரத்தில் ஏறி ஒட்டிக்கொண்டவர்கள் தப்பினார்கள். 150 பேர் என்பது நகரம் சொல்லும் கணக்கு. அந்த மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. செப்டம்பர் 28 அன்று சிலர் அங்கே கூடி இறந்தவர்களை நினைக்கிறார்கள். மற்ற நாட்களில் மருத்துவமனைக்கு வந்தவர்களின் நடமாட்டம்தான். நுழைவுச்சீட்டு இல்லை, வழிகாட்டி இல்லை. சுற்றுலாப் பட்டியல்களில் அது இடம்பெறுவது அபூர்வம்.

வெள்ளத்துக்குப் பிறகு நிஜாம் அரசு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. ஆற்றை மேலேயே தடுத்து நிறுத்துங்கள் என்பது அவர் யோசனை. அதன் விளைவு 1920இல் உஸ்மான் சாகர், 1927இல் ஹிமாயத் சாகர். ஹைதராபாத் பல ஆண்டுகள் குடித்தது இந்த ஏரிகளின் தண்ணீரை. ஆனாலும் 2020 அக்டோபர் மழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கின. மழைநீர் போகும் வழிகளில் வீடுகள் வந்துவிட்டால் அணை மட்டும் என்ன செய்யும்? 2015 டிசம்பரில் அடையாற்றைப் பார்த்த சென்னைக் குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மரத்தைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். வளையல் பேரத்தில் பத்து நிமிடம் குறைந்தால் அம்மாவுக்கு லாபமாகவே முடியலாம். பிள்ளைகள் மரத்தை அண்ணாந்து பார்த்து, "இதுல 150 பேர் எப்படி ஏறினாங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்லச் சரியான ஆள் பாட்டிதான். புயலும் வெள்ளமும் பார்த்த தலைமுறை அது.

கோல்கொண்டா? 1687இல் ஔரங்கசீப்பின் எட்டு மாத முற்றுகையைப் பார்த்த கோட்டை. அடுத்த விடுமுறை வரை காத்திருக்கும்.